ரெண்டாவது படி

2015 நவம்பர் பாதியில், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது கீழ்வீட்டுப் பாட்டி பையைக் கட்டிவிட்டார். குரோம்பேட்டையில் மகள் வீடு, அங்கே போய்விடலாம் என்று. நான்தான் தடுத்தேன். "ரெண்டாவது படியைத் தாண்டாது பாட்டி, பேசாம படுங்க." தாண்டவில்லை. மறுநாள் காபி கொடுத்து, "தம்பி சொன்னா சொன்னதுதான்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். டிசம்பர் 1 சாயங்காலம் மறுபடியும் பை. மறுபடியும் நான். அதே வாக்கியம். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் அவர் வீட்டு ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. இருட்டில் மாடிப்படியில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது வழுக்கி ரெண்டு பேரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. அவருக்கு இடுப்பெலும்பு. அதற்கப்புறம் வாக்கர் இல்லாமல் அவர் நடக்கவே இல்லை.

மகள் என்னைத் திட்டவில்லை. "நீ நல்லதுக்குத்தானேப்பா சொன்ன" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நவம்பரில் நான் தைரியசாலி, டிசம்பரில் ஒரு கிழவியின் இடுப்பை உடைத்தவன். ரெண்டு நாளும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சொன்னதும் ஒன்றுதான். மாறினது வானம். அப்படியென்றால் என்னை எதை வைத்து எடைபோடுவது? இந்தக் கேள்வியோடுதான் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை மறுபடி எடுத்தேன். பள்ளியில் மனப்பாடப் பகுதியாகப் படித்துத் தூக்கிப்போட்டது.

நமக்குச் சொல்லித்தந்த கதை இது: கோவலன் கள்வன் இல்லை, ஆனால் பாண்டியன் அவனைக் கொன்றான், ஆகவே பாண்டியன் தவறினான். விளைவை வைத்துப் போட்ட கணக்கு. ஆனால் இளங்கோ கொலைக்களக் காதையில் வைத்திருக்கும் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆடல்மகளிரை ராஜா ரசித்ததில் கோபம் கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு அரசி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த இவன் விரைகிறான். வாசலிலேயே பொற்கொல்லன் காலில் விழுகிறான். கள்ளன் கிடைத்துவிட்டான் என்கிறான். ராஜாவுக்கு மனசெல்லாம் உள்ளே இருக்கிறது. காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். அவ்வளவுதான். கொடுங்கோலனின் வெறி இதில் எங்கே இருக்கிறது? வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரியின் சோம்பல்தான் இருக்கிறது.

பிறகு கண்ணகி வருகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் சட்டம் பேசுகிறான். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், இவன் தங்களுடையது முத்து என்கிறான். கொண்டுவரச் சொல்கிறான், அவள் உடைக்கிறாள், மணி அவன் முகத்தில் தெறிக்கிறது. வழக்கு முடிந்துவிட்டது. இந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் ஆனது? சில நிமிஷம். அதைக் கொலைக்கு முன்னால் செய்திருக்க முடியும். முத்தா மாணிக்கமா என்ற ஒரு கேள்வி போதும். அரசனுக்கு விடை தெரியும், கேட்கத்தான் இல்லை. கண்ணகி அவனை விளிக்கும் சொல்லைக் கவனியுங்கள்: ஆராயாத மன்னன் என்ற பொருளில் அழைக்கிறாள். அநியாயக்காரன் என்றோ கொலைகாரன் என்றோ தொடங்கவில்லை. அவளுக்குக் குற்றம் எங்கே நடந்தது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். கோவலன் நிஜமாகவே திருடன். பரல் முத்தாகவே கொட்டுகிறது. மதுரை மக்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "ராஜான்னா இப்படி இருக்கணும், உடனே தீர்ப்பு." என்கவுன்ட்டர் செய்திக்குக் கீழே நாம் போடும் கைதட்டல் இதுதானே. ஆனால் அந்த மாற்றுக்கதையிலும் அரசன் வாசலில் நின்று ஒரு கேள்வியும் கேட்காமல்தான் ஒருவனைக் கொல்லச் சொல்லியிருக்கிறான். குற்றம் அதே அளவுதான். நல்ல விளைவு அதன்மேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்திருக்கும், அவ்வளவே.

பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-ல் இந்தச் சிக்கலுக்கு 'மாரல் லக்' என்று பெயர் வைத்தார்கள். நம் கையில் இல்லாத விஷயம் நம் செயலின் நிறத்தையே மாற்றிவிடுவது. அவர்களுக்கு அது ஒரு புதிர். இளங்கோ அதைப் புதிராகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கண்ணகியின் வாயில் அவர் வைத்த அந்த ஒரு சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது.

செம்பரம்பாக்கத்துக்கு வருகிறேன். ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிக்கிற தண்ணீர். நவம்பரில் திறந்துவிட்டு, டிசம்பர் மழை பொய்த்தால் கோடையில் நகரம் குடத்தோடு நிற்கும். 2019 ஜூனில் நின்றது. நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆகவே ஏரியை நிறைத்து வைப்பதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2015 டிசம்பர் 2 காலை எட்டரை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கத்தில் 47. வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கரை தாண்டியது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பக்கத்தில் நாங்களும் மாசக்கணக்கில் செம்பரம்பாக்கத்தைத்தான் சபித்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். விளைவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்களும் ஒரு கோவலனைத் தேடிக்கொண்டிருந்தோம் போல!

அன்றைக்கு அதிகாரத்தில் இருந்தவர்கள் பக்கமிருந்து வந்த வாதம், நூறு வருஷத்தில் வராத மழை என்பது. பொய் இல்லை. ஆனால் சிலப்பதிகாரத்தில் பாண்டியனுக்கும் இதே கதவு திறந்துதான் இருந்தது. ஊழ்வினை வந்து தொடரும் என்பது அந்தக் காப்பியமே பதிகத்தில் அறிவித்துக்கொள்ளும் மூன்று உண்மைகளில் ஒன்று. அரசன் ஆராயாமல் ஆணையிட்ட இடத்தில், வினை விளையும் காலம் வந்துவிட்டதால் என்று கவிஞரே எழுதிக்கொடுக்கிறார். பொய் சொன்ன பொற்கொல்லன் வேறு இருக்கிறான். இவ்வளவு சாக்குகள் இருந்தும் அரசன் ஒன்றையும் எடுத்துக்கொள்வதில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட நானே கள்வன் என்று சொல்லிச் சாகிறான். ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லவில்லை, கேட்டேன் என்கிறான். ஊழ் விளைவுக்குப் பொறுப்பு ஏற்கலாம். கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு ஏற்க முடியாது.

ஏரி விஷயத்திலும் 49 செ.மீ. மழைக்கு யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. கேட்க வேண்டியது, கரையோரம் படுத்திருந்தவர்களை யார் எழுப்பினார்கள் என்பதுதான். எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றார்கள் ஆற்றோரத்து மக்கள். அன்றைக்கு மழை பாதியில் நின்று, ஆறு கரைக்குள்ளேயே போயிருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும். கேட்டிருக்க ஆள்தான் இருந்திருக்காது.

விளைவை விட்டுவிட்டு எண்ணத்தைப் பார் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் விளைவைத்தான் கொண்டுவருகிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையோடு சேரும் என்கிறார். ரொம்ப நாளாக எனக்குப் பிடித்த குறள் அது. நான் பாட்டியிடம் சொன்னது ஒருவகையில் அந்தப் பொய்தான், பயத்தைப் போக்கும் பொய். இப்போது எனக்கு இடறுவது அந்தக் குறளில் வரும் நிபந்தனை. நன்மை தரும் என்று சொல்லும் நேரத்தில் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள நான் என்ன செய்தேன்?

ஒன்றும் செய்யவில்லை. முடிச்சூர் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்திருக்கலாம். நவம்பரிலும் போகவில்லை, டிசம்பரிலும் போகவில்லை. மழையில் நனைய வேண்டாம் என்று மாடியில் மிக்சர் தின்றுகொண்டு, தெரிந்தவன் மாதிரி பேசினேன். டிசம்பர் தப்பு எனக்கு உடனே புரிந்துவிட்டது, வாக்கர் சத்தம் தினமும் கேட்டதால். நவம்பரும் தப்புதான் என்று புரிய வருஷங்கள் ஆயின. அந்தக் காபியை நான் குடித்திருக்கக் கூடாது.

பாட்டி இப்போது இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அந்தக் கீழ்வீட்டில் வேறொரு குடும்பம், கைக்குழந்தையோடு. நான் குடையை எடுத்துக்கொண்டு ஆறு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கிளம்பிடுங்க சார் என்றேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆட்டோவும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன், எழுநூறு ரூபாய் கேட்டான். முடிச்சூர் பக்கம் மறுபடியும் மூழ்கியது. எங்கள் தெருவில் தண்ணீர் முனையோடு நின்றுவிட்டது. ரெண்டாவது படியைத் தொடவே இல்லை. குழந்தைக்கு அலைச்சலில் ஜுரம் வந்துவிட்டது. அந்த எழுநூறு ரூபாயைப் பற்றி அவர் இன்னமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.