விழத் தெரிந்த வித்வான்

விக்டர் போர்கே பியானோ முன் உட்கார்ந்தால் உடனே வாசித்துவிட மாட்டார். இசைத்தாளை விரிப்பார். வாசிக்கத் தொடங்குவார். ஏதோ விபரீதமான இசை கிளம்பும். முகத்தைச் சுளித்து, தாளை உற்றுப் பார்த்து, தலைகீழாக இருந்ததைத் திருப்பி வைப்பார். இப்போது ரோசினியின் 'வில்லியம் டெல்' துள்ளிக்கொண்டு வரும். அரங்கம் சிரித்து ஓய்வதற்குள் வாசிப்பை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது கதை பேசப் போய்விடுவார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த விபரீத இசை. தப்பும் தவறுமாக வாசிப்பது எளிது; இவர் தவறைச் சுத்தமாக வாசிப்பார். சுரமும் காலமும் தெரியாதவர் செய்தால் அது வெறும் கோமாளித்தனம். லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரிய ராப்சடியை ஒரே பியானோவில் இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பார், பாருங்கள். ஒருவரையொருவர் தள்ளுவார்கள், கை மேல் கை போகும், எழுந்து இடம் மாறுவார்கள். இத்தனை அமளியிலும் இசை அறுபடாது.

அந்தக் கை வீட்டுச் சொத்து. 1909இல் கோபன்ஹேகனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டென்மார்க் அரச இசைக்குழுவில் வயலின்காரர், அம்மா பியானோ வாசிப்பவர். ஆனால் மேடையில் இவர் சொன்ன குடும்பம் வேறு. அங்கே அப்பா திருட்டைத் தடுக்க ஓர் எச்சரிக்கை மணியைக் கண்டுபிடித்தவர். அந்த மணியையே எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான். இன்னொரு மூத்தவர் குளிர்பானம் தயாரித்தார். '3 அப்' என்று பெயர் வைத்தார், போணியாகவில்லை. நாலு, அஞ்சு என்று ஏறி '6 அப்' வரை வந்து கண்ணை மூடிவிட்டார், பாவம், எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தெரியாமலே. இதையெல்லாம் அவர் சிரிக்காமல், துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். பேரப்பிள்ளைகளிடம் கூசாமல் புளுகுகிற தாத்தாவின் குரல் அது.

நாஜிகளைக் கேலி செய்ததுதான் அவரை ஊரைவிட்டு ஓட வைத்தது. நாய்க்கும் நாஜிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு, நாஜி கையைத் தூக்குவான் என்று பதில் சொன்ன ஆள். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்குக்குள் நுழைந்தபோது நல்லவேளையாக ஸ்வீடனில் நிகழ்ச்சி. அங்கிருந்து ஃபின்லாந்து, பெட்சமோ துறைமுகத்தில் கப்பல் ஏறி ஆகஸ்டு மாதம் அமெரிக்கா. சட்டைப்பையில் 20 டாலர், அதிலும் 3 டாலர் சுங்கத்துக்குப் போயிற்றாம். ஆங்கிலம் தெரியாது. சினிமா கொட்டகையில் உட்கார்ந்து காதால் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சியில் இடம் கிடைத்துவிட்டது.

காதால் கற்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நிறுத்தற்குறிகளை வாயால் ஒலிக்கிற அவருடைய உருப்படியைக் கேளுங்கள். ஒரு சாதாரண காதல் கதையைப் படிப்பார். முற்றுப்புள்ளி வந்தால் உதட்டில் ஒரு சின்ன வெடிப்பு. காற்புள்ளிக்கு ஒரு கீறல். ஆச்சரியக்குறிக்கு மேலிருந்து சர்ரென்று ஒரு கோடு இறங்கி, அடியில் அதே வெடிப்பு. கண்ணால் மட்டும் பார்த்துப் பழகியதற்கெல்லாம் சத்தம் கொடுத்துவிடுகிறார். உணர்ச்சி ஏற ஏற குறிகளும் நெருங்கி, கடைசியில் கதை போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. பிறந்ததிலிருந்து ஒரு மொழிக்குள்ளேயே கிடப்பவனுக்கு இப்படி வெளியே நின்று வேடிக்கை பார்க்க வருமா என்பது சந்தேகம். சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாக ஏற்றி, 'வொண்டர்ஃபுல்'லை 'டூடர்ஃபுல்' ஆக்குகிற இன்னோர் உருப்படியும் பிரசித்தம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் சூத்திரம் பிடிபட்டுவிடும். அதை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன்.

விழுவதைச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்தில் நிற்கும் பாடகி உச்சஸ்தாயியைப் பிடித்ததும் போர்கே இருக்கையிலிருந்து அப்படியே சரிந்து விழுவார். நிதானமாக எழுந்து, இருக்கையின் அடியிலிருந்து பெல்ட்டை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு, "ம், பாடு" என்பதுபோல் பார்ப்பார். பாடகி நன்றாகப் பாடுவார் என்பதுதான் இங்கே முக்கியம். கேலி பாட்டின் மேல் விழாது, தன் மேல்தான் விழும். சங்கீதத்தைத் தெரிந்துகொண்டு சிரிக்க வைப்பவருக்கும் சங்கீதத்தைப் பார்த்துச் சிரிப்பவருக்கும் உள்ள தூரம் அது.

1953 அக்டோபரில் பிராட்வேயில் தனியாளாகத் தொடங்கிய 'காமெடி இன் மியூசிக்' 849 காட்சிகள் ஓடியது. ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். இந்த மேடையைச் சாத்தியமாக்கிய பெற்றோருக்கும், அவசியமாக்கிய பிள்ளைகளுக்கும் நன்றி என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார். குடும்பஸ்தன் எவனுக்கும் விளக்கம் தேவைப்படாத நகைச்சுவை.

90 வயதிலும் மேடையேறினார். 2000 டிசம்பரில், கோபன்ஹேகனில் ஒரு கச்சேரி முடித்துத் திரும்பிய கொஞ்ச நாளில் கனெக்டிகட் வீட்டில் காலமானார். அஸ்தியில் ஒரு பங்கு அங்கேயே, ஒரு பங்கு கோபன்ஹேகன் யூத இடுகாட்டில்.

அவருடைய நிகழ்ச்சிகள் பல யூடியூபில் கிடைக்கின்றன. நிறுத்தற்குறிகளில் தொடங்கி, ராப்சடிக்குப் போங்கள். வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாத குழந்தைக்கும் முற்றுப்புள்ளி புரியும்.