தள்ளுபடியா, தூண்டிலா?

கழுகுமலைப் பக்கம் மிளகாய் வத்தல் வாங்குவோர் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். தள்ளுபடி விலையில் விளம்பரமாகும் வி.பி.என். சேவையை அவ்வாறு சோதிக்க இயலாது.

அது உங்கள் இணையத் தொடர்பைப் பூட்டித் தன் கணினிக்குக் கொண்டு சென்று, அங்கே திறந்து வெளியே அனுப்புகிறது. ஆகவே நீங்கள் எத்தளங்களுக்குச் செல்கிறீர்கள் என்பதை இணைய இணைப்புத் தரும் நிறுவனம் அறியாது; வி.பி.என். நிறுவனம் அறியும். நம்பவேண்டிய ஆள் மாறினார், அவ்வளவே!

பேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ நிறுவனம், தகவலைக் காப்பதாகக் கூறி இச்சேவையை இலவசமாகவே தந்தது. திரட்டிய விவரங்களோ பேஸ்புக்கின் வணிகத்துக்குப் பயன்பட்டன. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

எனவே விலைக்கு முன் கேளுங்கள்: உரிமையாளர் யார்? வருமானம் எங்கிருந்து? பதிவேடு வைப்பதில்லை என்பதை வெளியார் தணிக்கை செய்தனரா? விடை இல்லையேல் விலகுவதே அறிவுடைமை.