ஜூஜூவாடியைத் தாண்டினால்

மருத்துவக் காப்பீடு வெளியூரில் கைகொடுப்பதில்லை என்று யாராவது வாயெடுத்தால், பதில் ஒன்று தயாராகக் காத்திருக்கிறது: “அட்டை இப்போது நாடு முழுக்கச் செல்லும். ஜனங்களுக்குத்தான் விழிப்புணர்வு இல்லை.” அதிகாரிகள் சொல்கிறார்கள், கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள், படித்த நண்பர்களும் சொல்கிறார்கள். இந்தப் பதில் தவறு என்பது என் நெடுநாள் கருத்து. குற்றத்தை அட்டையிலிருந்து எடுத்து, அதைப் பையில் வைத்திருப்பவன் தலையில் போடுகிறது இது.

தமிழ்நாட்டு அரசின் இந்தக் காப்பீட்டுத் திட்டத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. 2009-இல் கலைஞர் பெயரில் வந்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறி, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். திருநாவலூரில் வாங்கிய அட்டை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் செல்லும், சென்னையிலும் செல்லும். நிலத்தை அடகு வைக்காமல் இதய அறுவை செய்துகொண்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மாநில எல்லைக்குள் வெளியூர் என்ற பேதமே இல்லை. இது பெரிய காரியம்.

சிக்கல் ஓசூரைத் தாண்டியதும் தொடங்குகிறது.

திருநாவலூரில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டுப் பையன்களும் பெங்களூரில் ஒரே கட்டடத்தில் கம்பி கட்டுகிறார்கள், ஒரே தகரக் கொட்டகையில் தூங்குகிறார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே திட்டம், அதே 5 லட்சம். இருவரும் ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஒருவனுக்கு அங்கே காப்பீடு உண்டு, மற்றவனுக்கு இல்லை. திட்டத்தின் அமைப்பே அப்படி.

‘எங்கும் செல்லும்’ என்ற வசதி ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு உரியது. அந்தப் பட்டியல் 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. இந்தக் குடும்பங்களுக்கான செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்கின்றன. தமிழ்நாடு அதோடு நிற்கவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும் என்று இன்னும் பல லட்சம் குடும்பங்களைத் தன் சொந்தப் பணத்தில் சேர்த்தது. அது பாராட்டத் தக்கதே. திட்டத்தில் உள்ள 1.3 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களில் மத்தியப் பட்டியல் வழி வந்தவை முக்கால் கோடியை ஒட்டியவை. மற்றவர்களுக்கு உரிமை மாநில எல்லையோடு முடிகிறது. கூடிப்போனால் தமிழ்நாட்டுப் பட்டியலில் இடம்பெற்ற அண்டை மாநில மருத்துவமனைகள் சிலவற்றோடு.

யார் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்தது எது? 2011-இல் கணக்கெடுக்க வந்தவர் கேட்ட கேள்விகள். மோட்டார் வைத்த இருசக்கர வண்டி இருந்தால் அந்தக் குடும்பம் தானாகவே விலக்கப்பட்டது. பால் கேன் கட்டிச் செல்ல ஒரு பழைய டிவிஎஸ் 50 வைத்திருந்த வீடும் அதில் அடக்கம். அப்போது அந்த வீட்டில் எட்டு வயதுப் பையன் இருந்திருந்தால் இப்போது அவன் இருபதைத் தாண்டியவன். அப்பா வண்டி வைத்திருந்தார் என்பதற்காக, சாரத்திலிருந்து விழுந்த மகனுக்குப் பெங்களூரில் காப்பீடு இல்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இப்போது அந்த விழிப்புணர்வு வாதத்துக்கு வருகிறேன். 14555 என்ற எண்ணுக்குப் பேசினால் தகுதியைத் தெரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். சரி, அந்தப் பையன் பேசுகிறான். என்ன தெரிந்துகொள்வான்? தனக்கு இல்லை என்பதைத் தெரிந்துகொள்வான். விழிப்புணர்வு அவனுக்குக் கொடுப்பது அவ்வளவுதான். உரிமையே இல்லாதவனிடம் உரிமையை அறியவில்லை என்று குறைபட்டுக்கொள்வது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. உரிமை உள்ள அடுத்த வீட்டுப் பையனின் பாடும் எளிதல்ல. அவன் படுத்திருப்பது கர்நாடகத்து மருத்துவமனையில், பணம் தர வேண்டியது தமிழ்நாடு. அந்தப் பணம் எப்போது வரும் என்ற கவலை மருத்துவமனைக்கு இருக்கும்போது, உள்ளூர் அட்டைக்குக் கிடைக்கும் முகம் வெளியூர் அட்டைக்குக் கிடைக்காது.

ஆகவே நம் ஜனங்கள் தமக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, நோயாளியை வண்டியில் கிடத்தி ஊருக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாக இரவெல்லாம் பயணம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பது மருத்துவத்தின் கணக்கு. உயிரைக் காக்க வந்த அட்டையை நாடி ஊர் திரும்பும் வழியிலேயே அந்த நாலரை மணி நேரம் கரைந்துபோகிறது. வெளியே செல்லாத அட்டை மனிதனை ஊருக்கு இழுக்கிறது, அதுவும் அவன் அசையவே கூடாத நேரத்தில்.

திருநாவலூர்க்காரர்களுக்குச் சுந்தரர் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரில் பிறந்தவர், ஊர் ஊராக நடந்தவர். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் போயிற்று. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் வந்தன என்பது வரலாறு. ஆனால் அவர், பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியவர். ஓசூர் எல்லையில் ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிற கம்பி வேலைக்காரன் எந்தச் சத்தியத்தை மீறினான்?

மாநிலத்தின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. எங்கள் பணம், எங்கள் மருத்துவமனைகள், நாங்கள் நிர்ணயித்த கட்டணம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தால் அந்தக் காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி அந்த மருத்துவமனைக்கே வளர்ச்சி நிதியாகத் திரும்புகிறது. இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் இதே மாநிலம் வேறு இடங்களில் இந்தக் கணக்கைத் தானே தள்ளிவைத்திருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் தொழிலாளியைச் சான்றிதழ் பெற்றுத் திட்டத்தில் சேர்க்க வழி வைத்திருக்கிறது. முகாம்களில் உள்ள ஈழத் தமிழருக்கு வருமான வரம்பே கேட்பதில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரியின் ஓட்டுநர் ராஜஸ்தான்காரர் என்றாலும் ரேஷன் கார்டைக் கேட்பதில்லை. விழுந்த இடமே தகுதி. இவ்வளவு தெளிவாக யோசிக்கத் தெரிந்த மாநிலம், தன் பிள்ளை வெளியே போய் விழும்போது மட்டும் கைவிடுவது ஏன்?

கனடாவில் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே காப்பீடு நடத்துகிறது. ஆனாலும் 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம், உரிமை ஆளோடு போக வேண்டும் என்பதை ஐந்து அடிப்படைகளில் ஒன்றாக வைத்தது. மாகாணம் மாறிக் குடியேறினால், புது மாகாணம் ஏற்கும்வரை, அதிகபட்சம் மூன்று மாதம், பழைய மாகாணம் காக்க வேண்டும். மருத்துவர் கட்டணத்தில் கியூபெக் இன்றுவரை முரண்டுபிடிக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் இடைவெளியில் யார் பொறுப்பு என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. இங்கே அந்த இடைவெளியில்தான் நம் ஆட்கள் வாழ்நாளைக் கழிக்கிறார்கள்.

கல்வராயன் மலையை நினைத்தால் இன்னும் வேதனை. காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள் அங்குள்ள மலைமக்கள். திட்டத்தில் சேர ரேஷன் கார்டு வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும், மாவட்டப் பதிவு மையத்துக்கு நேரில் வர வேண்டும். வருஷத்தில் பாதி நாள் வெளியே இருப்பவருக்கு இவை மூன்றும் மூன்று மலை. 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் போய் விழிப்புணர்வு பற்றிப் பேச எனக்கு நா எழாது.

எல்லாச் சிகிச்சையையும் எல்லா மாநிலத்திலும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாரடைப்பு, பக்கவாதம், சாரத்திலிருந்து விழுந்த காயம், பிரசவச் சிக்கல் என்று ஊர் திரும்ப நேரம் தராத நோய்களுக்காவது, மாநிலம் சேர்த்த குடும்பங்களுக்கும் வெளியே செலவை ஏற்கட்டும். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். அதற்குப் பணமே வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் முகப்பிலும், இது தமிழ்நாட்டுக்கு வெளியே செல்லுமா செல்லாதா என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கட்டும். ‘நாடு முழுக்கச் செல்லும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள், ‘செல்லாது’ என்று அச்சிட்ட அந்த அட்டைகளைத் திருநாவலூரில் வீடு வீடாகத் தங்கள் கையாலேயே கொடுக்கட்டும்.