தொட்டியில் ஊற்றும் வைட்டமின்

கோய் கெண்டை மெலிந்தால், பொன்மீன் வெளுத்தால், தொட்டித் தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்தை ஊற்றுகிறோம். அக்கறையில் பிறந்த வழக்கம்தான். ஆனால் மருந்து மீனுக்குப் போய்ச் சேர்வதில்லை. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிகமிகக் குறைவு. அதன் உடலில் உப்பு அதிகம் என்பதால் நீர் செவுள் வழியே தானாகவே புகுகிறது. அதைச் சிறுநீராக வெளியேற்றுவதுதான் மீனின் ஓயாத வேலை. ஊற்றியது பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது. கால்சியம் விதிவிலக்கு: அதைச் செவுள் நேரே நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஆனால் பாஸ்பரஸ் தீவனத்தில்தான் வர வேண்டும். புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் வேளாண் விளைபொருள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் மணிலாப் புண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் பஞ்சமில்லை. பிசைந்து போட்டால் புரதமும் சில பி வைட்டமின்களும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இவற்றிலுள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. மீனால் அதைச் செரிக்க முடியாது. கருவாட்டுத் தூள் சேர்த்தாலும் முழுத் தீர்வில்லை. கெண்டை இனத்துக்கு இரைப்பை இல்லை, எலும்பைக் கரைக்கும் அமிலமும் சுரக்காது. அதனால்தான் நல்ல தீவனங்களில் மோனோகால்சியம் பாஸ்பேட் சேர்க்கிறார்கள்.

அடுத்த குறை வைட்டமின் சி. குறைந்தால் கொலாஜன் சரியாக உருவாகாது; வளரும் குஞ்சுக்கு முதுகெலும்பு வளையலாம். பரம்பரைக் குறை என்று ஒதுக்குமுன் தீவனத்தைப் பார்க்க வேண்டும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவாக அழியும். பாஸ்பேட்டோடு பிணைத்த வடிவம் நெடுநாள் தாங்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதற்காக, கடையில் மூட்டையிலிருந்து அள்ளித் தரும் உதிரித் தீவனத்தை முழுதாகக் கண்டிக்க எனக்கு மனமில்லை. நான்கு மீன் வளர்ப்பவர் பெரிய பை வாங்கி ஓராண்டு வைத்திருப்பதைவிட 100 கிராம் வாங்கித் தீர்ப்பதே மேல். மூட்டையிலிருந்து பாலித்தீன் பொட்டலத்துக்கு மாறும்போது உற்பத்தித் தேதியும் உட்பொருள் பட்டியலும் தொலைந்துபோவதுதான் கேடு. தேதி தெரியாத தீவனத்தில் எவ்வளவு வைட்டமின் மிஞ்சியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் சிக்குப் பிடித்திருந்தால் வைட்டமின் ஈயும் போயிருக்கும்.

நிறத்துக்கு மருந்து தேடுபவர்கள் வெயில் படும் சிமென்ட் தொட்டியின் பாசியைத் தேய்த்துக் கழுவிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. மீன் தன் உடலில் கரோட்டினாய்டு நிறமியைத் தயாரிக்காது. பாசியிலுள்ள சியாசாந்தின் நிறமியைச் செந்நிற அஸ்டாசாந்தினாக மாற்றும் திறன் பொன்மீனுக்கு உண்டு. சுவர்ப்பாசியை ஓரளவு விட்டுவைத்தால் செலவில்லாமல் நிறம் ஏறும்.

சொட்டு மருந்துக்குச் செலவிடும் பணத்தில் புதிய தீவனம் வாங்கலாம். மூட்டையின் உற்பத்தித் தேதியைப் பொட்டலத்தின் மேல் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேட்க வேண்டும். வீட்டில் தீவனத்தைக் காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் வைத்து, ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.