நஷ்டக் கணக்கு எழுதியவர்கள்

2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்கிறது செபியின் ஆய்வு. ஆனாலும் கடைகளில் விற்பதென்னவோ ஜெயிக்கும் வழி சொல்லும் புத்தகங்கள்தான். ஊக வணிகத்தைப் பற்றிக் காலம் கடந்து நிற்கும் படைப்புகளோ பெரும்பாலும் தோல்வியின் பக்கம் இருக்கின்றன.

பங்குச் சந்தை பற்றிய முதல் நூலாகக் கருதப்படும் 'கன்ஃபியூசியோன் டி கன்ஃபியூசியோனெஸ்' 1688இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. ஸ்பானிய மொழியில் எழுதியவர் யோசேப் டி லா வேகா. தத்துவவாதி, வியாபாரி, பங்குதாரர் என்று மூவர் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளைப் பற்றியது. வதந்தி கிளப்புவது, கூட்டுச் சேர்ந்து விலையை இறக்குவது எல்லாம் அப்போதே இருந்திருக்கின்றன.

வணிகர்கள் வேதம்போல் படிப்பது எட்வின் லெஃபெவ்ரின் 'ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆப்பரேட்டர்' (1923). நாயகனுக்கு முன்மாதிரி ஊக வணிகர் ஜெஸ்ஸி லிவர்மோர். அதிலுள்ள அறிவுரைகளை அடிக்கோடிடுபவர்கள், நாயகன் திரும்பத் திரும்பத் திவாலாவதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1929 சரிவில் பெரும் பணம் பார்த்த லிவர்மோர் 1934இல் திவாலானார். 1940இல் தற்கொலை செய்துகொண்டார்.

விக்டர் நீடர்ஹோஃபரின் 'தி எஜுகேஷன் ஆஃப் எ ஸ்பெகுலேட்டர்' 1997இல் வந்தது. ஸ்குவாஷ், இசை, சூழலியல் என்று அலையும் விசித்திரமான, ரசிக்கத்தக்க நூல். அதே ஆண்டு தாய்லாந்துப் பங்குகளில் அடிவாங்கிய அவருடைய நிதியம் அக்டோபர் சரிவில் மூழ்கியது. அதனால் நூல் பொய்யாகிவிடவில்லை. இவ்வளவு படித்தவருக்கும் அது நடந்தது என்று தெரிந்து வாசிக்கும்போதுதான் அதன் கனம் புரிகிறது.

திரைப்படங்களில் 'வால் ஸ்ட்ரீட்' (1987) வில்லனைக் கதாநாயகனாக்கிவிட்டது. எச்சரிக்கை என்ற வகையில் அது தோற்ற படம். அன்டோனியோனியின் 'லெக்லிஸ்ஸே' (1962) வேறு ரகம். ரோம் பங்குச் சந்தையில், இறந்துபோன தரகருக்காக ஒரு நிமிடம் எல்லோரும் மௌனமாக நிற்கிறார்கள். தொலைபேசிகள் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. பின்னர் விலைகள் சரிகின்றன. 5 கோடி லிரா இழந்த ஒருவரைக் கதாநாயகி பின்தொடர்கிறாள். அவர் ஒரு கடையில் உட்கார்ந்து காகிதத்தில் பூக்கள் வரைகிறார், அவ்வளவுதான். பணம் போவதை இதைவிட நேர்மையாகக் காட்டிய படம் நான் பார்த்ததில்லை.

நம் நாட்டுக் கதைக்கு சுசேதா தலால், தேபாஷிஸ் பாசு எழுதிய 'தி ஸ்கேம்' போதும். வங்கி ரசீதுகளின் பின்னால் பத்திரங்களே இல்லாமல் வங்கிப் பணம் தரகர் ஹர்ஷத் மேத்தா வழியாகப் பங்குகளுக்குப் போனதை அது பொறுமையாக விளக்குகிறது. அதை வைத்து 2020இல் வந்த வலைத்தொடர் விறுவிறுப்பானது, ஆனால் மேத்தாவிடம் மயங்கிவிடுகிறது.

ஒரு மாலைப்பொழுதுதான் கிடைக்கும் என்றால் 'மார்ஜின் கால்' (2011) படத்தைப் பாருங்கள். ஒரு மாதம் இருந்தால் நீடர்ஹோஃபரை எடுங்கள். டிமேட் கணக்கு அதுவரை காத்திருக்கட்டும்.