சிறகு முளைத்த முகங்கள்

கோடை விடுமுறை ஓவிய முகாம்களில் 'உன்னை நீயே குறியீடாக வரை' என்ற தலைப்புதான் இப்போது ஓடுகிறது. மலையும் சூரியனும், பொங்கல் பானை, தேசத் தலைவர்கள் எல்லாருக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பெருநகரப் பள்ளிகளின் இந்த வழக்கம் போடிநாயக்கனூர் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. பாதியாகப் பிளந்த முகம், ஒரு பக்கம் வேர், மறுபக்கம் வண்ணத்துப்பூச்சி. நெஞ்சில் கூண்டு, கூண்டுக்குள் பறவை. முதுகில் சிறகு. ஊர் போடி என்று தெரிய வேண்டாமா? அதற்காகத் தலைக்குப் பின்னால் பனிமூட்டமும் காதோரம் ஒரு ஏலச்செடியும். படத்துக்குக் கீழே ஒரு விளக்கத் தாள்: கூண்டு சமூகம், பறவை நான். நடுவர்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் பரிசு தருகிறார்கள். யாராவது முகம் சுளித்தால் பதில் தயாராக இருக்கிறது: "சார், இது வரையத் தெரியுமான்னு பாக்கிற போட்டி இல்ல. பிள்ளைங்க தங்களைத் தாங்களே கண்டுபிடிக்கிற பயணம்."

இந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம் உண்டு. வாய் திறக்காத பிள்ளை வண்ணத்தில் எதையாவது சொல்லிவிடும். 'நான்' என்பதைப் பற்றி யோசிக்கப் பாடப்புத்தகம் இடம் தருவதில்லை, இந்த முகாம் ஒரு மணி நேரமாவது தருகிறது. செல்ஃபி எடுத்தே பழகிய கைக்கு, முகம் என்பது அழகாகக் காட்ட மட்டும் உள்ளதல்ல என்ற எண்ணம் வருவதும் நல்லதே. இவற்றை நான் மறுக்கவில்லை.

என் மறுப்பு பழையது. கண்டுபிடிப்பு என்கிறீர்கள், முப்பது பேர் தங்களைக் கண்டுபிடித்தால் முப்பது பேருக்கும் எப்படி ஒரே சிறகு முளைக்கிறது? கூண்டு என்றால் அடக்குமுறை, வேர் என்றால் பாரம்பரியம், சிறகு என்றால் சுதந்திரம் என்று ஓர் அகராதி ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை அதிலிருந்து மூன்று சொல்லை எடுத்து முகத்தைச் சுற்றி ஒட்டுகிறது. கற்பனை என்று நாம் கைதட்டுவது இந்த ஒட்டுவேலைக்குத்தான்.

பொதுக் குறியீடு மட்டமானது என்று சொல்ல வரவில்லை. ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனையின் சுவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சேதுபதி மன்னர் ராஜராஜேஸ்வரி அம்மனிடமிருந்து செங்கோல் வாங்குகிறார். அது யாருக்கும் புரியும் குறியீடு, புரிய வேண்டும் என்றே வரைந்தது. அங்கே காட்டப்படுவது சேதுபதி என்ற பதவி. அந்த மனிதருக்கு இரவில் தூக்கம் வந்ததா என்று அந்தச் சுவர் சொல்லவில்லை, சொல்வதாகப் பாசாங்கு செய்யவும் இல்லை. போடி ஜமீன் அரண்மனையின் ராமாயண ஓவியங்களும் அப்படித்தான்: எல்லாருக்கும் தெரிந்த கதை, எல்லாருக்கும் தெரிந்த அடையாளம், வரைந்தவர் தன்னை முன்னே நிறுத்தவில்லை. முகாம் ஓவியமோ ஊர்ப்பொதுவான குறியீட்டை எடுத்துக்கொண்டு, இதுதான் என் அந்தரங்கம் என்கிறது. அரண்மனைச் சுவரில் இருக்கும் நேர்மை அதில் இல்லை.

இந்த வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் கடைசியில் வந்து நிற்பது கே. ராமானுஜத்திடம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து 1973-இல் முப்பத்துச் சொச்சம் வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட அந்தக் கலைஞரை எழுத்தாளர் சி. மோகன் நாவலாகவே எழுதிவிட்டார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அரவணைத்திராவிட்டால் சென்னைக் கலைப் பள்ளியில் அவர் தங்கியிருக்கவே முடியாது. "அவரும் மாளிகை, நாகம், பறக்கும் விலங்கு என்று மனசில் வந்ததைத்தானே வரைந்தார்?" என்கிறார்கள். இல்லை. ராமானுஜத்தின் மாளிகைகளில் திரும்பத் திரும்ப வரும் அந்தத் தொப்பிக்கார உருவத்தைப் பாருங்கள். அது எந்த அகராதியிலும் இல்லை. தொப்பி என்றால் என்ன பொருள் என்று ஒரு வரியில் எழுதித் தர முடியாது. பேச்சு திக்கிய, ஊரார் கண்ணுக்குப் பைத்தியமாகத் தெரிந்த ஒரு மனிதன், தான் மரியாதையோடு நடமாடக்கூடிய ஓர் ஊரைக் கோடு கோடாகக் கட்டியிருக்கிறான். அந்தக் கோடுகளின் நெருக்கத்தையும், வெற்றிடம் விடப் பயந்ததுபோல் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பிய உழைப்பையும் பார்க்காமல், நாகத்தையும் மாளிகையையும் மட்டும் பார்த்துவிட்டு 'கற்பனை' என்பவர்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

ஃப்ரீடா காலோ கதையும் இதுதான். முகாம் நடத்துகிறவர்கள் கணினித் திரையில் முதலில் காட்டுவது அவர் படத்தைத்தான். ஆனால் அவர் தோளில் உட்கார்ந்திருக்கும் குரங்கு வீட்டில் வளர்த்த குரங்கு. 1944-இல் வரைந்த 'உடைந்த தூண்' ஓவியத்தில் உடம்பைச் சுற்றியிருக்கும் பட்டைகள் அவர் உண்மையிலேயே அணிய நேர்ந்த கவசத்தின் பட்டைகள். அந்தத் தூண், 1925-இல் பேருந்து விபத்தில் நொறுங்கிய அவர் முதுகெலும்பு. முதலில் பொருள் இருந்தது, அதோடு வாழ்ந்த வருடங்கள் இருந்தன, அப்புறம்தான் அது குறியீடானது. ஓவியர் பூபேன் காக்கர் 1981-இல் வரைந்த ஓவியத்தில் கழுதையோடு போகும் அப்பன் மகன் கதையைக் கடன் வாங்கினார். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு மேல்மாடத்தில் அம்மணமாக நிற்கும் உடம்பு கடன் வாங்கியதல்ல. நம் முகாமில் வரிசை தலைகீழ். முதலில் விளக்கம், பிறகு அதற்கேற்ற பொருள், பொருளைப் பார்ப்பது கடைசிவரை இல்லை.

பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி அந்த ஏலச்செடியே. 'நானே ஏலச்செடி' என்று எழுதியிருக்கும் படங்களில் காய் இலை நுனியில் தொங்குகிறது, அல்லது திராட்சைக் குலைபோல் உச்சியிலிருந்து இறங்குகிறது. ஏலம் அப்படிக் காய்ப்பதில்லை. ஆள் உயரத்துக்கும் மேலே தண்டும் இலையும் போனாலும், பூவும் காயும் வருவது தூரில்தான். அடியிலிருந்து கிளம்பும் சரம் மண்ணை ஒட்டிப் படரும். அதில் ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ, பிறகு காய். அதனால்தான் காய் எடுக்கிறவர் நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் எடுக்கிறார். நிழல் மரத்துக்குக் கீழே, மழை ஈரத்தில், இலைக்கூட்டத்துக்குள் தலையை நுழைத்து. போடியில் இது யாருக்கும் ரகசியமல்ல. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் பெண்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். கடைகளில் உட்கார்ந்து பச்சை நிறம், பருமன், வாய் பிளந்தது, தூள் காய் என்று தரம் பிரிக்கும் பெண்களும் உண்டு. அம்மா குனிந்து எடுக்கும் காயை மகள் நிமிர்ந்து நின்று தலைக்கு மேல் தொங்கவிட்டு, அதற்கு 'என் வேர்' என்று பெயர் வைக்கிறாள். ஏல மையத்துக்கு வரும் வியாபாரிகூட சாம்பிளைக் கையில் கொட்டி உருட்டிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை. தன்னைத் தேடப் போன பிள்ளைக்கு அந்த அளவு பார்க்கவாவது யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிற ஒரு பெண் தன் படத்தைத் தானே வரைந்தால் எப்படியிருக்கும்? முகம் முழுதாகத் தெரிய வழியே இல்லை. பக்கத்துப் பெண்ணின் தூக்குவாளிக்கும் முன்சீட்டுக் கம்பிக்கும் நடுவில் ஒரு முழங்கை தெரியலாம். அந்த முழங்கை ஆயிரம் சிறகுக்குச் சமம். அதற்குப் பரிசு கிடைக்காது. விளக்கத் தாளில் என்ன எழுதுவதென்று அவளுக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். முகத்துக்கு இந்தப் பிள்ளைகள் பூசும் நிறம், பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டு எடுக்கும் அந்த வெளிறிய இளஞ்சிவப்பு. தேனி மாவட்டத்தில் அந்த நிறத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? அடையாளத்தைத் தேடும் முகாமில், மேசைக்கு மேசை நடந்து சிறகின் பொருளை விசாரிக்கும் ஆசிரியர், பிள்ளையின் கையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வதில்லை. ஒரு பழுப்பும் ஒரு மஞ்சளும் கொஞ்சம் நீலமும் கலந்து தன் கன்னத்தின் நிறத்தை எட்டிப் பிடிக்கும் அரை மணி நேரத்தில் நடக்கக்கூடிய விசாரணை, எந்தக் கூண்டும் பறவையும் தராதது. அதில் வெட்கம் வரும், கோபம் வரும், ஏன் இத்தனை நாள் அந்தக் கிரேயானை எடுத்தோம் என்ற கேள்வி வரும். ரெம்பிராண்ட் தன் முகத்தை நாற்பது தடவைக்குக் குறையாமல் வரைந்தார். பிதுங்கிய மூக்கும் தளர்ந்த கன்னமும் எந்தத் தத்துவத்துக்கும் குறியீடாக இல்லை. அவை பார்க்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். நம் முகாம்களிலோ ஒரு கண்ணாடிகூடக் கிடையாது.

"இது கலையில்லை, மன ஆறுதல், விமரிசன அளவுகோலை இங்கே தூக்கி வராதீர்கள்" என்பது கடைசிக் கேடயம். ஆறுதல் என்றால் படம் பிள்ளையிடமே இருக்கட்டும். சுவரில் மாட்டி, நாடா வெட்டி, முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று பிரித்து, பத்திரிகைக்குப் புகைப்படமும் கொடுத்த பிறகு அளவுகோல் வேண்டாம் என்றால் எப்படி? ஆறுதலாகவே இருந்தாலும் அது நல்ல ஆறுதலா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. சொல்ல முடியாத ஒன்று உள்ள பிள்ளைக்கு ஆயத்தக் கூண்டைக் கொடுத்தால், அது தன் துயரத்தை அந்தக் கூண்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும். கூண்டைப் பார்த்த பெரியவர்களும் 'புரிந்தது' என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மேற்கொண்டு கேட்க அவர்களுக்கு எதுவும் இருக்காது.

அடுத்த கோடைக்கும் இதே தலைப்பு வரத்தான் போகிறது. நடுவராக உட்காரப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: விளக்கத் தாள்களை முதலில் உருவிவிடச் சொல்லுங்கள். அதன்பிறகு எந்தப் படம் எந்தப் பிள்ளையுடையது என்று பிள்ளைகளின் வகுப்பு ஆசிரியரால் சொல்ல முடிகிறதா, பார்க்கலாம்.