ரசிகரா, வாடிக்கையாளரா?

சாரல் காலத்தில் ஒரு நாள், குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர் வெள்ளையும் நீலமுமான அர்ஜென்டினா சட்டையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். முதுகில் மெஸ்ஸியின் பெயர். அதன் கீழே இருந்த 10 என்ற எண்ணில், துவைத்துத் துவைத்துச் சுழியம் பாதி உரிந்திருந்தது. புளியரை தாண்டி வரும் கேரளத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, செங்கோட்டை, தென்காசிப் பையன்களும் இந்தச் சட்டையோடு திரிவதைப் பார்க்கிறேன். எங்கோ இருக்கும் கால்பந்து அணிமீது வைக்கும் இந்தப் பாசத்துக்கு என்ன மதிப்பு?

முதலில் அதன் நிறை. இது ஊரும் சாதியும் கேட்காத உறவு. 2022 உலகக் கோப்பை நெருங்கியபோது கோழிக்கோடு மாவட்டத்துப் புல்லாவூர் ஆற்றில் ரசிகர்கள் 30 அடி உயர மெஸ்ஸி கட்-அவுட்டை நிறுத்தினார்கள். போட்டிக்கு 40 அடியில் நெய்மர் வந்தார். அவரையும் மிஞ்சி ரொனால்டோ எழுந்தார். எந்த நிறுவனமும் கேட்டுச் செய்ததல்ல அது. ரசிகர்களுக்குப் பலமும் உண்டு. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தங்களுக்கென்று தனி 'சூப்பர் லீக்' அறிவித்தன. இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் அந்நாட்டின் ஆறு கிளப்புகளும் பின்வாங்கின.

ஆனால் அங்கே ரசிகர்கள் மைதானத்து வாசலில் நிற்கிறார்கள். நாம் திரைக்கு முன்னால் இருக்கிறோம். நம் பாசம் கிளப்பை எட்டுவது சந்தாவாகவும் சட்டை விலையாகவும்தான். 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்துக்கு மெஸ்ஸி வந்தபோது நடந்தது அதற்குச் சாட்சி. முக்கியப் பிரமுகர்கள் மொய்த்து நின்றதால், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வந்தவர்களால் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. சற்று நேரத்தில் அவர் கிளம்பிவிட்டார், நாற்காலிகள் பறந்தன. உடைத்தது தவறு. அன்பை நுழைவுச்சீட்டாக மட்டும் எண்ணியது அதைவிடப் பெரிய தவறு.

இன்னொரு குறை நம்முடையது. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றது. இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். 'திட்டுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள்' என்ற பொருளில் அவர் காணொளியில் வேண்டிக் கேட்ட பிறகுதான், கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு இடம் நிறைந்தது. 2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நிறுத்திவைக்கப்பட்டது. இருமுறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யும் லீக் ஆட்டமில்லாமல் காத்திருந்தது. நம் டீக்கடைகளில் அதற்காக வருந்திய குரல் எதுவும் என் காதில் விழவில்லை.

தூரத்து அணியை நேசிப்பது பொய்யல்ல. அந்த நேசம் ஒரு பையனைப் பந்தோடு மைதானத்தில் இறக்கினால் அது ரசனை. கடையோடு நின்றுவிட்டால் வெறும் வாடிக்கை. ஞாயிறு மாலை உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆடினால், ஒரு மணி நேரம் ஓரத்தில் நின்று கைதட்டுங்கள். அந்த அர்ஜென்டினா சட்டையைப் போட்டுக்கொண்டே போகலாம்.